கவிழாத படகு

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் வெண்ணமடைக் குளம் என்று ஒன்று இருக்கிறது. சாரல் காலத்தில் குளம் பெருகியதும் சுற்றுலாத் துறை அங்கே படகு விடும். மிதிபடகு உண்டு, துடுப்புப் படகு உண்டு. அருவியில் குளித்துவிட்டு, சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, ஈரத் தலையோடு வருகிற குடும்பங்கள் கொஞ்ச நேரம் அதில் சுற்றிவிட்டுப் போவார்கள்.

போன சாரலில் நானும் அந்த வரிசையில் நின்றேன். தென்காசியில் அக்கா வீடு. அக்கா, அத்தான், பிளஸ் ஒன் படிக்கிற அவர்கள் மகள், நான் என்று நாலு பேரும் ஒரு மிதிபடகில் ஏறினோம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். அத்தானும் நானும் மிதிக்க, படகு எருமை மாடு மாதிரி நிதானமாக நகர்ந்தது.

நடுக்குளத்தில் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இது கவிழவே கவிழாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "கவிழாது. நீ எந்திரிச்சு டான்ஸ் ஆடுனாலும் கவிழாது. பயப்படாத."

"பயம்லாம் இல்லப்பா. கவிழாதுன்னா இதுல என்னத்தக் கத்துக்கிட?"

அக்கா அவசரமாகப் பேச்சை மாற்றினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் ஏதோ ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைக் கூப்பிட்டிருப்பது அருவியில் குளிக்க மட்டும் இல்லை.

ராத்திரி மொட்டை மாடியில் அத்தான் விஷயத்தைச் சொன்னார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கை செல்போனில் பார்த்ததிலிருந்து பெண்ணுக்குக் கயாக் பைத்தியம். நியூஸிலாந்தின் லிசா கேரிங்டன் டோக்கியோவில் மூன்று தங்கம், பாரிஸில் மூன்று தங்கம் என்று அள்ளியவர். அவர் படம் இவள் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. கோடை விடுமுறையில் ஆலப்புழைக்குப் போய்ப் படகு பழக வேண்டுமாம்.

"நீச்சலே தெரியாது மாப்ளே. தண்ணில போட்டா கல்லு மாதிரி போவா. நீங்க எழுதுற ஆளு, நீங்க சொன்னா கேப்பா. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் எடுத்துப் படிக்கலாம் என்று தோன்றியது. பி.காம். படித்தவனுக்கு உரிய புத்தி. கணக்கைப் பார்க்காமல் கருத்துச் சொல்லக் கூடாது.

கயாக்கில் பல வகை இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே காட்டாற்றில் குதிப்பது ஒன்று. அக்கா மகள் கேட்பது அது இல்லை. அசையாத தண்ணீரில், தனித்தனிப் பாதை போட்டு, நேர்கோட்டில் பறக்கிற ஸ்ப்ரின்ட் பந்தயம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலிருந்து நடக்கிறது. ஒற்றை ஆள் கயாக்குக்கு 'கே ஒன்' என்று பெயர். நீளம் 5.20 மீட்டரைத் தாண்டக் கூடாது. எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதாவது அரை மூட்டை அரிசியின் கனம்கூட இல்லாத ஒரு நீள ஊசி. அதில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டு உள்ள துடுப்பால் இடமும் வலமுமாகத் தண்ணீரை இழுக்க வேண்டும். பெண்களுக்கான 500 மீட்டரை லிசா மாதிரி ஆட்கள் ஒரு நிமிடம் ஐம்பது நொடிக்குள் கடந்துவிடுகிறார்கள்.

சுவாரஸ்யமான விஷயம், அதன் அகலம். முன்பெல்லாம் கே ஒன் படகு குறைந்தது 51 சென்டிமீட்டர் அகலம் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்தது. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது பந்தயப் படகுகள் நாற்பது சொச்சம் சென்டிமீட்டர்தான். நம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை அளவு. அடிப்பகுதியும் தட்டையாக இருக்காது, உருண்டை. உருண்டையாக இருந்தால் தண்ணீரோடு உரசும் பரப்பு குறைவு, அதனால் வேகம். உருண்டையாக இருப்பதாலேயே ஆட்டமும். வேகத்தையும் ஆட்டத்தையும் ஒரே கடையில், ஒரே பில்லில்தான் வாங்க முடியும். ஒன்று மட்டும் போதும் என்றால் கடைக்காரர் தர மாட்டார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படகு பற்றிய கேள்வி பின்னால் போய், வேறு ஒரு கேள்வி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. நமக்கு வேண்டியவர்களை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்பா? என் அப்பா என்னை பி.காம். சேர்த்தபோது சொன்ன காரணமும் கிட்டத்தட்ட அத்தான் சொன்னதுதான். "இது கவிழாதுடா." கவிழவில்லை, உண்மைதான். அதற்காக அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அந்தப் படகில் இருந்தவரை நான் எதையாவது கற்றுக்கொண்டேனா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நேரம் எடுக்கும்.

சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். தென்காசிக்காரர்களுக்கு ஆலப்புழை அப்படி ஒன்றும் தூரம் இல்லை. செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர், கொல்லம் என்று மலையைக் குடைந்து போகிற ரயில் பாதை 1904-லேயே போட்டது. நடுவில் அகலப் பாதை வேலைக்காக மூடி, 2018-ல் முழுசாகத் திறந்தார்கள். ஆலப்புழையின் புன்னமடைக் காயலில்தான் 1952-லிருந்து நேரு கோப்பை வள்ளம் களி நடக்கிறது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டுப் பயிற்சியும் அந்த ஊரில் உண்டு. கயாக்கும், அதன் சகோதரனான, முழங்காலிட்டு ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போடுகிற கனூவும் சேர்ந்த குடும்பத்தில் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்தது, 1994 ஹிரோஷிமாவில் ஒரு வெண்கலம், பிறகு 2023-ல் ஹாங்சோவில் ஒரு வெண்கலம். நடுவில் 29 வருடம்.

நண்பர் ஒருவர் மூலமாக, அந்தக் காலத்தில் படகு விட்ட ஒரு பெரியவரைப் பிடித்தேன். ஒரு வாய்க்கால் ஓரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர். நான் வந்தது 'வேண்டாம்' என்று சொல்லக் காரணம் தேடி. அவரோ என்னைப் படகில் ஏற்றிவிட்டார்.

அவர் கேட்ட முதல் கேள்வி என் உடம்பு பற்றியோ வயசு பற்றியோ இல்லை. "சாரே, நீச்சல் அறியுமோ?"

தெரியும் என்றேன். தாமிரபரணி புண்ணியம். வயசு நாற்பத்தாறு என்பதையும் நானாகவே சொல்லிவைத்தேன். அவர் சிரித்தார். ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் பதினெட்டு வயதில் தங்கம் வாங்கி, 2004 ஏதென்ஸில் நாற்பத்திரண்டு வயதில் எட்டாவது தங்கம் வாங்கியவர் என்றார். எனக்குத் தங்கம் வேண்டாம், கரைக்குத் திரும்பினால் போதும் என்றேன்.

அங்கே வரிசையாகப் படகுகள். பளபளவென்று மெலிதாக இருந்த ஒன்றைக் காட்டி, இதா என்றேன். "அது சாருக்கு இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு வரணும்" என்று அகலமான பயிற்சிப் படகு ஒன்றை இழுத்துவந்தார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விழ விட வேண்டும் என்று நம்புகிற ஆசான்கூட, முதல் நாளே சாம்பியன் படகைக் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் என்ன ஆகும்? உட்கார்ந்தவன் விறைத்துப்போவான். விழாமல் இருப்பதிலேயே பொழுது போய்விடும், துடுப்பை அழுத்திப் போட தைரியம் வராது. வருடக்கணக்கில் பயத்தைத்தான் பயிற்சி செய்துகொண்டிருப்பான். பிள்ளை இரண்டு மாதம் பழகியதும், சாம்பியன் வைத்திருக்கிற படகே வேண்டும் என்று கடன் வாங்கி வாங்கித்தரும் தகப்பன்மார்கள் உண்டாம். ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. கோச்சிங்கில் சேர்க்கிற நம்மூர் அப்பாக்கள் ஞாபகம் வந்தார்கள்.

ஆக, தப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. கவிழவே கவிழாத படகு ஒரு பக்கம். கவிழ்வதைத் தவிர வேறெதுவும் செய்யாத படகு இன்னொரு பக்கம். அவர் எனக்குக் கொடுத்தது, எப்போதாவது கவிழ்கிற படகு. அதில் பழகி, கவிழ்வது நின்றுபோனதும் கொஞ்சம் ஒல்லியான அடுத்த படகு. அதிலும் நின்றதும் அதற்கடுத்தது. படிப்பே அவ்வளவுதான்.

அந்த 'எப்போதாவது' என் விஷயத்தில் ஒரே காலையில் நாலு தடவை வந்தது.

முதல் தடவை, ஒரு துடுப்புக்கூடப் போடவில்லை. ஆடியதும் பயந்து படகின் விளிம்பைப் பிடித்தேன். விளிம்பும் நானும் சேர்ந்து போனோம். இரண்டாம் தடவை படகின் மூக்கையே பார்த்தேன். அது ஆட ஆட நானும் ஆடினேன். "தூரத்துல ஒரு தெங்கு உண்டு. அத நோக்கு" என்றார். தென்னை மரத்தைப் பார்த்தபடி பதினோரு துடுப்பு போட்டுவிட்டேன். ஆகா, வந்துவிட்டது என்று சந்தோஷத்தில் கையை நிறுத்தினேன். மூன்றாவது குளியல். கயாக்கில் துடுப்பு தண்ணீரில் ஊன்றியிருக்கும் நேரமெல்லாம் அதுதான் கைத்தடி. ஓடிக்கொண்டிருந்தால் நிற்கும், நின்றால் கவிழும். நாலாவது எதற்கு விழுந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை விழுவதற்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். படகை விடாதே, அது மிதக்கும். துடுப்பையும் விடாதே. கரைக்குத் தள்ளிக்கொண்டு வா. கவிழ்த்துத் தண்ணீரை வடி. மறுபடி உட்கார். அவ்வளவுதான். கரையில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன்கள் முதல் தடவை சிரித்தார்கள். மூன்றாவது தடவைக்கு அவர்களுக்கே அலுத்துவிட்டது. வெளியில் சொல்லாவிட்டாலும் நமக்குப் பாதி பயம் அந்தச் சிரிப்பு பற்றித்தான். அதன் ஆயுள் மூன்று விழுகைதான் என்பது எனக்கு உபயோகமான தகவல்.

திரும்பி வரும் ரயிலில் கல்லூரியில் படித்த ஒரு கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. வாரா ஐயக்கடன் ஒதுக்கு. கடனுக்குச் சரக்குக் கொடுக்கிற எந்த வியாபாரியும் அத்தனை பேரும் திருப்பித் தருவார்கள் என்று நம்ப மாட்டான். கொஞ்சம் வராமல் போகும் என்று முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கிவைப்பான். அது நஷ்டம் வந்தபின் அழுகிற அழுகை இல்லை, தொழில் செய்வதன் செலவு. 'கடனே கொடுக்க மாட்டேன்' என்கிறவனுக்கு வாராக்கடன் கிடையாது. வியாபாரமும் பாதி கிடையாது. தென்காசி பஜாரில் கடை வைத்திருக்கும் அத்தானுக்கு இது அத்துப்படி. மகள் விஷயத்தில் மட்டும் ஒதுக்கு பூஜ்யம்!

பெரிய கண்டுபிடிப்போடு போய் அத்தான் முன்னால் உட்கார்ந்தேன். விழட்டும், விழுந்தால்தான் கற்க முடியும், நானே நாலு தடவை விழுந்தேன், இதோ உயிரோடு இருக்கிறேன் என்று பிரசங்கம் பண்ணினேன்.

அத்தான் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"பழைய குற்றாலம்."

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. 2024 மே மாதம். மலையில் பெய்த மழையில் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறி ஓடியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அத்தான் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயசு.

"நீங்க விழுந்து எந்திரிச்சீய, சரி. எந்திரிக்காதவன் வந்து கட்டுரை எழுத மாட்டான்லா மாப்ளே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நான் மதிக்கிறேன். 'விழுந்தால்தான் கற்க முடியும்' என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் விழுந்து எழுந்தவர்கள். எழாதவர்களிடம் யாரும் மைக் கொடுப்பதில்லை. அதுபோக, 'விழுந்தா என்ன' என்று சொல்லத் தெம்பு வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பையன் தொழிலில் இரண்டு தடவை விழலாம், அப்பாவின் பணம் மெத்தை மாதிரி கீழே இருக்கும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரே ஒரு அரியர் போதும், படிப்பு அதோடு முடிந்துவிடும். இரண்டு பேரையும் பார்த்து 'தைரியமா விழு' என்று ஒரே மாதிரி சொன்னால் அது தத்துவம் ஆகாது, திமிர்.

கயாக்கின் கதையே இதைத்தான் சொல்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆர்க்டிக் பக்கத்து இனுயிட் வேட்டைக்காரர்கள். கட்டைச் சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்த படகு. பனிக்கடலில் விழுந்து கொஞ்ச நேரம் கிடந்தாலே உயிர் போய்விடும். அதனால், கவிழ்ந்தாலும் படகைவிட்டு வெளியே வராமல், தலைகீழாகப் போய் அப்படியே சுழன்று மேலே வருகிற வித்தையை அவர்கள் பழகினார்கள். ஸ்ப்ரின்ட் பந்தயக்காரர்கள் இந்த வித்தையை நம்பி இருப்பதில்லை. ஏரியில் விழுந்தால் நீந்திக் கரைக்கு வந்துவிடலாம். அதே பெயர், அதே விழுகை. தண்ணீர்தான் வேறு.

இதையெல்லாம் நான் யோசித்தது பின்னால். அன்றைக்கு அந்த மௌனத்தைக் கலைத்தது அக்கா. அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "ஒங்கள மாமா கெணத்துல தள்ளிவிட்டாகல்லா, அதயும் தம்பிகிட்ட சொல்லுங்க."

அத்தான் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். எட்டு வயசில், தோட்டத்துக் கிணற்றில் அவர் அப்பா அவர் இடுப்பில் கயிறு கட்டித் தள்ளிவிட்டாராம். மூன்று நாள் தண்ணீர் குடித்தாராம்.

"பெரியவர் கயித்த விட்டாரா?" என்று கேட்டேன்.

"எங்க விட்டாரு! மூணு சுத்து முழுசா சுத்துற வரைக்கும் விடல. ஆனா..." என்று நிறுத்தி யோசித்தார். "ஒரு தடவகூட சீக்கிரம் இழுக்கவும் இல்ல மாப்ளே."

நான் நாலு தடவை விழுந்து எழுந்தும் பிடிபடாதது, பள்ளிக்கூடமே அதிகம் போகாத அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. பையனைக் கரையில் உட்காரவைத்து 'நீ பத்திரமா இரு' என்று அவர் சொல்லவில்லை. கயிறு இல்லாமல் தள்ளிவிட்டு 'வாழ்க்கையைக் கத்துக்கோ' என்றும் சொல்லவில்லை. விழுகிற வேலையைப் பையனுக்கு விட்டுவிட்டார். கயிறு, கிணறு, பிடிக்கிற கை எல்லாம் தன் பொறுப்பு என்று வைத்துக்கொண்டார். ஆலப்புழைப் பெரியவர் முதல் கேள்வியாக நீச்சலைக் கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான். படகு ஆடட்டும், அதை உட்கார்ந்தவள் பார்த்துக்கொள்வாள். தண்ணீர் கொல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கரையில் நிற்கிறவன் வேலை. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நீச்சல் சொல்லித்தருவதில்லை, படகிலும் ஏற்றுவதில்லை. அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்துவிடுகிறோம்.

பிராச்சி யாதவ் என்ற பெயர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். மத்தியப் பிரதேசம் குவாலியர்க்காரர். இடுப்புக்குக் கீழே கால்கள் ஒத்துழைக்காது. கயாக்கில் பலமே காலில்தான் ஆரம்பிக்கும், பாதத்தால் உதைத்து இடுப்பைத் திருப்பித்தான் துடுப்புக்கு வலு வரும். அவருக்கு அது கிடையாது. கரையில் உட்காரவைக்க அவர் வீட்டாருக்கு எத்தனை நல்ல காரணம் இருந்திருக்கும்! ஆனால், அவர் முதலில் நீச்சல் பழகினார். நீச்சலில் இருந்துதான் படகுக்கு வந்தார். டோக்கியோ பாராலிம்பிக்கின் படகுப் போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர்தான். 2021-ல் நடந்த அந்தப் போட்டியில் இறுதிச்சுற்று வரை போய் எட்டாவதாக வந்தார். 2023-ல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் கயாக்கில் தங்கம். முதலில் தண்ணீர், பிறகு படகு. வரிசை மாறவில்லை.

மறுநாள் காலையில் நானும் அத்தானும் பேரருவிக்குப் போனோம். சீசன் உச்சம். அந்த உயரத்திலிருந்து தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். ஆனால், பாட்டிமார்கூட 'சிவ சிவா' என்று நின்று குளிக்கிறார்கள். காரணம், நடுவில் இருக்கிற பொங்குமாங்கடல். மேலேயிருந்து வரும் தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தில் விழுந்து, வேகத்தையெல்லாம் அங்கே இறக்கிவைத்துவிட்டு, பிறகுதான் நம் மேல் விழுகிறது. வெள்ளம் வந்து தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார். பள்ளமும் வேண்டும், விசிலும் வேண்டும். இரண்டும் இருப்பதால்தான் குற்றாலத்தில் குளியல் நடக்கிறது. அருவியையே அடைத்துவிட வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

எல்லோர் வீட்டிலும் கயிறும் கிணறும் இருக்காது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஊர் என்றும் அரசாங்கம் என்றும் ஒன்று இருக்கிறது. ஒரு பொது நீச்சல் குளம், ஒரு கல்விக் கடன், தோற்றவன் மறுபடி எழுத ஒரு துணைத் தேர்வு எல்லாமே ஊர் சேர்ந்து பிடிக்கிற கயிறுதான். பிள்ளைகளைப் பார்த்து 'ரிஸ்க் எடுங்கள்' என்று சொல்வதற்கு முன்னால், கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது பெரியவர்களின் கடமை.

குற்றாலத்திலிருந்து திரும்பும்போது அத்தான் ஒன்றும் பேசவில்லை. நானும் அக்கா மகளுக்கு எதையும் எடுத்துச் சொல்லாமலே சென்னைக்கு ரயில் ஏறிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானிடமிருந்து போன். பின்னணியில் தண்ணீர் சத்தம், யாரோ இருமுகிற சத்தம், அக்கா அதட்டுகிற சத்தம்.

"தோட்டத்துக் கெணத்துல நிக்கோம் மாப்ளே. ரெண்டு மடக்குக் குடிச்சிட்டா. கயித்த நான்தான் பிடிச்சிருக்கேன்."

"அப்போ ஆலப்புழை?"

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல மூணு சுத்து சுத்தட்டும்" என்றவர், "வைக்கேன், ஒரு கையில பிடிக்க முடியல" என்று போனை வைத்துவிட்டார்.